மானிட்டரில் கோடுகளும் மினுக்கலும்: பேனலா, உள்ளிருக்கும் பலகையா?

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய 24 அங்குல எல்இடி மானிட்டரை இயக்கியவுடன், வலப்பக்க ஓரத்தில் மெல்லிய பச்சை நிறச் செங்குத்துக் கோடுகள் தோன்றி, திரை சூடேறியபின் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் திறந்தால் அதில் கோடுகள் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிய பிறகு வரும் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பின் மீதும் அவை ஓடுவதால், கிராபிக்ஸ் கார்டு, டிரைவர் ஆகியவற்றின் மீதிருந்த சந்தேகம் நீங்கிவிட்டது.

மினுக்கல் வேறு வகையானது. பிரைட்னஸை 30-க்குக் கீழே குறைத்தால் மட்டும் திரை முழுவதும் துடிக்கிறது, 100-இல் வைத்தால் நின்றுவிடுகிறது. ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை ஒரு நொடியில் படத்தைப் புதுப்பிக்கும் எண்ணிக்கை) 75 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறக்கியும் மாற்றமில்லை. ஆகவே பின்னொளியை வேகமாக அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் சுற்றின் மீதே எனக்கு ஐயம். (கேபிளை மாற்றச் சொல்ல வேண்டாம், மாற்றியாயிற்று.)

பழுதுபார்க்கும் கடையில், திறந்துகூடப் பார்க்காமல், பேனலையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவுக்குப் புதிய மானிட்டரே வாங்கிவிடலாம். சூடேறினால் கோடு மறைவது டி-கான் பலகையின் (படச் சிக்னலைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சிறு சுற்றுப் பலகை) குறையா, பேனல் விளிம்பில் ஒட்டப்பட்ட ரிப்பன் கேபிளின் இணைப்பு விட்டுப்போனதா என்பதை வீட்டிலேயே பிரித்தறிய வழி உண்டா? பவர் சப்ளை பலகையில் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் இரண்டு கோளாறுகளும் அதனாலேயே வரக்கூடுமா? வாரண்டி முடிந்துவிட்டதால் பின்மூடியைத் திறக்கத் தயக்கமில்லை; எங்கே தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.