42 ஆட்டங்கள் மட்டும் ஆடிய கேட்சர்: உங்கள் அனுபவங்கள்

பேஸ்பாலில் கேட்சர் என்பவர் ஏறக்குறைய நம் விக்கெட் கீப்பர். பள்ளி அணிக்குக் கீப்பராக நின்ற எனக்கு, தடித்த கையுறைக்குள்ளும் விரல் கன்றிப்போகும் வலி தெரியும். அதனால்தான் ஒஹையோ மாநிலத்தின் தொலிடோ நகரில், பேஸ்பால் அரங்கத்தை ஒட்டி மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் பெயரில் இருக்கும் சதுக்கத்தில் நண்பர் சொன்னதைக் கேட்டுக் கலங்கிப்போனேன்.

1884-இல் தொலிடோ அணி, அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டித் தொடரான மேஜர் லீகில் ஆடியது. அதன் கேட்சரான வாக்கர் கறுப்பினத்தவர். அன்றைய கேட்சர்கள் வெறுங்கையாலோ, மிஞ்சிப்போனால் மெல்லிய தோலுறையாலோதான் பந்தைப் பிடித்தார்கள். எந்தப் பந்து வேண்டும் என்று கேட்சர் சைகை காட்டுவார்; பந்து வீசுபவரான பிட்சர் அதன்படி வீசுவார். ஆனால் பிட்சர் டோனி முல்லேன், ஒரு கறுப்பரின் சைகைக்குக் கட்டுப்பட மனமில்லாமல் தன் இஷ்டத்துக்கு வீசினார். வாக்கர் நேரே அவரிடம் நடந்துபோனார். சைகையே இல்லாமல் பிடிக்கிறேன், ஆனால் நான் சைகை காட்டிய பிறகு மாற்றி வீசினால் பிடிக்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு, வருவது என்ன பந்து என்று தெரியாமலே பிடித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து இதைச் சொன்னவர் முல்லேனேதான். தனக்கு வாய்த்த கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர் என்றும் ஒப்புக்கொண்டார். திறமைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தக் கோடையில் வாக்கருக்கு விலாவில் அடிபட்டது. பருவம் முடியும் முன்பே அணி அவரை விடுவித்தது. 42 ஆட்டங்கள், .263 பேட்டிங் சராசரி. மேஜர் லீகில் அவர் கணக்கு அவ்வளவுதான்.

*

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. 1883 ஆகஸ்ட் 10-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று தொலிடோவுடன் மோதவிருந்த சிகாகோ அணியின் தலைவர் கேப் ஆன்சன், வாக்கர் இறங்கினால் ஆடமாட்டோம் என்று அடம்பிடித்தார். கை புண்ணாகியிருந்ததால் வாக்கருக்கு அன்று ஓய்வு என்றுதான் இருந்தது. ஆன்சனின் மிரட்டலைக் கேட்ட தொலிடோ மேலாளர் சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே அவரைக் களமிறக்கினார். டிக்கெட் வசூல் போய்விடும் என்றதும் ஆன்சன் ஆடினார். மார்ட்டனைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம்.

*

நான் அதே ஒஹையோவில் உள்ள ஸ்டூபன்வில் ஊரின் யூனியன் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். 1924-இல் இறந்த வாக்கரை அங்குதான் புதைத்தார்கள். பல பத்தாண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் கிடந்த இடம் அது; அவர் படித்த ஓபர்லின் கல்லூரிக்காரர்கள்தான் பின்னாளில் கல் நட்டார்கள். அங்கே நின்றபோது எனக்கு வந்தது கோபம்தான். 1887-இல், மேஜர் லீகுக்குக் கீழ்நிலைத் தொடரான இன்டர்நேஷனல் லீக் இனிக் கறுப்பர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று வாக்கெடுத்தது. 1889-க்குப் பின் வாக்கருக்கும் ஆட இடமில்லை. மேஜர் லீக் கதவைக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மறுபடி திறந்தது 1947-இல்!

வாக்கரின் தம்பி வெல்டியும் அதே தொலிடோ அணியில் சில ஆட்டங்கள் ஆடியவர். 1888-இல் இன்னொரு லீக் இதே வழியில் போனபோது, அதன் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. ஒருவரைத் தடுப்பதானால் திறமைக் குறைவோ நடத்தைக் குறைவோ காரணமாக இருக்கட்டும், நிறம் காரணமாகக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார். தேடினால் கிடைக்கும், முழுவதையும் படியுங்கள்.