புதுப்பிப்பு: பயிற்சிப் பசுமைக்குடிலில் ஈயும் பாசியும்

மாணவர்கள் பயிற்சி எடுக்கும் எங்கள் பசுமைக்குடிலில் தரையெல்லாம் பாசி, தொட்டி மண்ணில் குட்டிக் கறுப்பு ஈக்கள், எது யாருடைய தொட்டி என்றே தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

ஈக்கள் பெரிதும் குறைந்துவிட்டன. மருந்து அடிக்கவில்லை. அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில்தான் வளரும் என்பதால், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில் மட்டும் என்று மாற்றினோம். மஞ்சள் ஒட்டுப்பொறி பறக்கும் ஈக்களை மட்டுமே பிடிக்கும். ஆனால் எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்க்க நல்ல வழி. மேசைக்கு அடியில் இருந்த களைகளையும் பிடுங்கிவிட்டோம், செடிச் சாற்றை உறிஞ்சும் வேறொரு பூச்சியான வெள்ளை ஈக்கள் அங்கேயும் தங்கும். தண்ணீர் தேங்காமல் வடிகாலைச் சரிசெய்ததும் பாசியும் அடங்கிவிட்டது.

பழைய தொட்டிகளை முதலில் மண் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும்; மண் ஒட்டியிருந்தால் ப்ளீச்சின் வீரியம் அதிலேயே போய்விடும். அப்புறம் 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுகிறோம். கையுறை கட்டாயம். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதோடு கலக்கவே கூடாது.

பெயர் அட்டையில் பென்சில்தான். மார்க்கர் வெயிலில் மங்கிவிடும். அட்டை இல்லாத தொட்டிச் செடி வார இறுதியில் உரக்குழிக்குப் போகும் (கோபப்படுபவர்கள் படட்டும்).

குழாய் முனை தரையில் கிடப்பதுதான் இன்னும் தீரவில்லை. தரையிலுள்ள நோய்க்கிருமி அதன் வழியாகவே தொட்டிகளுக்குப் போகும். கொக்கி மாட்டியும் யாராவது கீழே போட்டுவிடுகிறார்கள். தானாகச் சுருளும் குழாய்ச் சக்கரம் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.