அம்பாசிடர் 1489 சிசி என்ஜினில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்: இரண்டும் ஒத்துப்போகவில்லை

கேள்வி

வணக்கம். என்னுடைய பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைப் போர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி), புதிய பிஸ்டன், ரிங், வால்வுகளுடன் பூட்டியிருக்கிறேன். இதே பி-சீரிஸ் என்ஜினுடன் வந்த எம்.ஜி.ஏ. 1500 காரில் இருந்ததைப் போல, ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஒன்றரை அங்குல எஸ்.யு. எச்4 கார்புரேட்டர்கள் இரண்டை மாட்டினேன். 400 கி.மீ. ஓடியிருக்கிறது. ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் அடைத்துக்கொண்டு பிறகுதான் வண்டி இழுக்கிறது. பிளக்குகளில் 1, 2 வெளுத்தும் 3, 4 கரி படிந்தும் இருக்கின்றன. ஜெட் நட்டுகளை (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பவை) மாறி மாறித் திருகியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1

ஐயா, ஜெட் நட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். புதிதாகக் கட்டிய என்ஜினில் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஹெட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும்; இறுக்கியதும் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கான இடைவெளி) மாறிவிடும் என்பதால் அதையும், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியையும் (0.015 அங்குலம்), பிளக்கில் பொறி விழும் டைமிங்கையும் சரிசெய்த பிறகே கார்புரேட்டருக்கு வர வேண்டும்.

இந்த ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே உள்ளிழு வழி. 3, 4க்கு மற்றொன்று. ஆகவே உங்கள் பிளக்குகள் தெளிவாகவே பேசுகின்றன: முன் கார்புரேட்டர் லீன் (பெட்ரோல் குறைவு), பின் கார்புரேட்டர் ரிச் (பெட்ரோல் அதிகம்). இவை இரு வேறு கோளாறுகளாக இருக்கலாம். முன்பக்க மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று புகுகிறதா என்றும், பின்பக்க கார்புரேட்டரில் பெட்ரோல் வரவை நிறுத்தும் மிதவையின் ஊசி வால்வு சரியாக மூடுகிறதா என்றும் தனித்தனியாகப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முடித்தபின் நான் பின்பற்றும் முறை இது. காற்று வடிகட்டிகளைக் கழற்றி, கார்புரேட்டர் பிஸ்டன்களில் உள்ள, ஜெட்டுக்குள் இறங்கும் ஊசிகள் இரண்டிலும் ஒரே எழுத்துக் குறி உள்ளதா என்று பாருங்கள். பழைய கடைகளில் ஜோடி சேர்த்து வாங்கும்போது இது பெரும்பாலும் தவறிவிடுகிறது. ஜெட்டை முழுவதும் மேலே ஏற்றி, கார்புரேட்டரின் பிஸ்டனை உயர்த்தி விட்டால் 'டக்' என்ற உலோக ஓசையுடன் விழ வேண்டும். இல்லையென்றால் ஜெட் மையத்தில் இல்லை. மிதித்தவுடன் அடைப்பதற்கு டேம்பரில் (அந்தப் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் பகுதி) எண்ணெய் இல்லாததும் காரணமாகலாம், எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் போதும்.

ஜெட்டைப் பாலத்தின் (பிஸ்டன் வந்து அமரும் அடித்தளம்) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று கீழிறக்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறியதும் இரு கார்புரேட்டர்களையும் சேர்க்கும் இணைப்புத் தண்டின் கிளாம்புகளைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு வாய்களிலும் காற்றின் சீறல் ஒரே அளவில் கேட்கும் வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு மெல்லிய திருப்புளியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச், நட்டை ஏற்ற வேண்டும். உடனே விழுந்தால் லீன், இறக்க வேண்டும். சற்றே ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. நட்டின் ஒரு முகத்துக்கு (ஆறில் ஒரு சுற்று) மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். இறுதியில் கிளாம்புகளை இறுக்க மறக்க வேண்டாம்.

மறுமொழி 3

எம்.ஜி.ஏ. கால அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20க்கு (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏறத்தாழ 13.5 தான், எனவே அதே ஜெட் அமைப்பு இப்போது லீனாகவே ஓடும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கரைக்கிறது. அவற்றை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பின் மிதவை அறையின் ஊசி வால்வில், குழாயிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள் சிக்கியிருந்தது. முன்பக்க கேஸ்கெட்டும் ஒரு மூலையில் அழுந்தவே இல்லை. இரண்டையும் சரிசெய்து, ஹெட்டை இறுக்கி, டேப்பெட் வைத்த பிறகு நட்டுகளை இரண்டு சுற்றிலிருந்து மேலும் இரண்டு முகம் இறக்கினேன். ஐட்லிங் நிமிடத்துக்கு 900 சுற்றில் அசையாமல் நிற்கிறது. என்ஜின் இன்னும் இறுக்கமாக இருப்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன், 1,500 கி.மீ. ஆனதும் பிளக்குகளை மீண்டும் பார்த்து எழுதுகிறேன்.