வட்டி ஏறியது, இஎம்ஐ ஏறவில்லை: வீட்டுக் கடன் எப்போதுதான் முடியும்?

புதுமனை (கேள்வி, 2023 நவம்பர்)
2021 அக்டோபரில் வாங்கிய கடன் 30 லட்சம். 20 வருடம், ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த மாறும் வட்டி, அப்போது 7%. இஎம்ஐ 23,259. இப்போது வட்டி 9.5%, இஎம்ஐ மட்டும் அதேதான். இரண்டு வருடம் கட்டியும் நிலுவை 29.30 லட்சத்தில் நிற்கிறது. கணக்கில் ஏதாவது தப்பா? எஃப்டியில் 3 லட்சம் இருக்கிறது. விலைவாசி ஏறும் நேரத்தில் அதைத் தொடலாமா?

கணக்குப்பிள்ளை
தப்பில்லை. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79%. அதை அடக்க ரிசர்வ் வங்கி அந்த மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 4-லிருந்து 6.5 ஆக்கியது. உங்கள் இரண்டரை சதவீதம் அங்கிருந்து வந்ததுதான்.

29.30 லட்சத்துக்கு 9.5% என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 23,196. அசலுக்குப் போவது 63 ரூபாய்! இப்படியே விட்டால் 749 தவணை, அதாவது 62 வருடம். இன்னும் கால் சதவீதம் ஏறினால் வட்டியே 23,800-ஐத் தாண்டும், அசல் குறைவதற்குப் பதில் வளரும்.

மீதி 18 வருடத்திலேயே முடிக்க இஎம்ஐ சுமார் 28,360 ஆக வேண்டும். 28 வருடமாக நீட்டினால் 24,960 போதும். மாதம் 3,400 மிச்சம், ஆனால் மொத்தத்தில் 22 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். நீட்டிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஃப்டி வட்டிக்கு வரி உண்டு, 9.5%-ஐ அது எட்டாது. பாதியைக் கட்டுங்கள். 1.5 லட்சம் கட்டினால் 26,900 இஎம்ஐயில் 18 வருடத்தில் முடியும். மீதி 1.5 லட்சம் ஐந்தாறு தவணைக்குக் கையிருப்பு. அதைத் தொடாதீர்கள்.

பத்திரம்
மேலே சொன்னது சரி. செய்யும்போது சறுக்கும் இடங்கள்:

பகுதி அசல் கட்டும்போது "இஎம்ஐ குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் இஎம்ஐயைக் குறைத்துவிடுவார்கள். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. கேட்டால் மறுக்கலாம்.

இஎம்ஐ ஏற்றினால் நாச் ஒப்புதலின் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்க நீங்கள் தந்த அனுமதி) உச்சவரம்பைப் பாருங்கள். 25,000 என்று போட்டிருந்தால் 26,900 திரும்பிவிடும், அபராதமும் சிபில் (கடன் மதிப்பெண்) அடியும் உங்களுக்கு.

ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி வட்டி மாறும்போது இஎம்ஐயா, காலமா, இரண்டுமா என்று உங்களைக் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 31-க்குள் பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். காலாண்டு அறிக்கையில் மீதித் தவணை எண்ணிக்கை இருக்கும். முதலில் அதைத்தான் பாருங்கள்.

வட்டிக்கடை
யாரும் மார்ஜினை, அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் வட்டியை, கேட்கவில்லையே. ரெப்போ 6.5, உங்கள் வட்டி 9.5, ஆக 3% மார்ஜின். நல்ல சிபில் உள்ள புதியவர்களுக்கு இப்போது (2023 நவம்பர்) 8.5 சுற்றிக் கிடைக்கிறது. ஒரு சதவீதம் குறைந்தாலே 18 வருடக் கணக்கில் மாதம் 1,830 மிச்சம். முதலில் உங்கள் வங்கியிலேயே மாற்றுக் கட்டணம் கட்டி மார்ஜினைக் குறைக்கக் கேளுங்கள். மறுத்தால் மட்டும் வேறு வங்கி. அங்கே பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, பழைய எம்ஓடிக்கு (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்த ஆவணம்) கடன் தீர்ந்த ரசீதுப் பத்திரம், புது எம்ஓடி பதிவு என்று செலவு வரிசையாக நிற்கும்.

"பணவீக்கத்தில் கடன் வாங்கியவனுக்கு லாபம்" என்பார்கள். சம்பளமும் கூடவே ஏறினால்தான் அது உண்மை.

புதுமனை
நன்றி. வட்டி 2.78 லட்சம் போகிறதே, வரியில் முழுக்கக் கழியுமா?

கணக்குப்பிள்ளை
குடியிருக்கும் வீட்டுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 24(பி)-யில் 2 லட்சம் வரைதான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். மேலே உள்ள 78 ஆயிரத்துக்கு ஒன்றும் இல்லை.