புதுப்பிப்பு: எழுத்தாளர் மாநாட்டில் பேசிவிட்டேன்

ஒரு புத்தகம்கூட வெளிவராத நான், எழுத்தாளர் மாநாட்டில் 15 நிமிடம் பேச ஒப்புக்கொள்ளலாமா என்று மூன்று வாரத்துக்கு முன் கேட்டிருந்தேன். "நாவலின் கதையைச் சொல்லாதீர்கள், அதை எப்படித் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டேன். பேசிவிட்டேன்!

முதல் இரண்டு நிமிடம் குரல் நடுங்கியது, தாளைப் பார்த்தே படித்தேன். அப்புறம், முதல் அத்தியாயத்தை ஏழு முறை மாற்றி எழுதிய கதைக்கு வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் அதோடுதானே வாழ்ந்திருக்கிறேன், மனப்பாடம் எதற்கு? முதல் வடிவத்தின் ஒரு பத்தியையும், கடைசி வடிவத்தில் அதே பத்தியையும் அடுத்தடுத்து வாசித்தேன். முதலாவதில் அம்மா அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். கடைசியில், கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். அரங்கம் அப்படியே அமைதியானது. அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன்.

கேள்வி நேரம்தான் எனக்குப் பெரிய பயம். ஒரு கேள்விக்கு, "தெரியவில்லை, நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பல புத்தகம் எழுதிய ஒருவர் பிறகு வந்து, அதே இடத்தில் தானும் திணறுவதாகச் சொன்னார்.

வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகச் சொன்னவர்களுக்குத் தனி நன்றி. வாய்விட்டு வாசித்தபோதுதான் மூச்சு முட்டும் வாக்கியங்கள் தெரிந்தன. நாவலிலும் அவற்றை வெட்டிவிட்டேன்.

சரி, அடுத்தது: பூட்டி வைத்திருந்த கையெழுத்துப் பிரதியை நேற்று ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.