ஸ்கிரீன்ஷாட்: திரைப்பிடிப்பா, திரைப்படியா?

ஐயா, கணினிக் கையேட்டில் நான்காம் பாடம் வரை ஸ்கிரீன்ஷாட்டுக்குத் ‘திரைப்பிடிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். படம் பிடிப்பது தமிழில் ஊறிய வழக்குத்தான். ஆனால் நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிடிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மூச்சுப்பிடிப்பு. ‘திரைக்காட்சி’ சினிமாக் கொட்டகைக்குப் போய்விட்டது. ‘திரைப்பதிவு’ ஓடும் வீடியோவுக்கு வேண்டும், அதை இங்கே செலவழிக்கக்கூடாது.

‘திரைப்படி’ என்று வைக்கலாம். கல்வெட்டுக்காரர்கள் மைப்படி என்கிறார்களே, அந்தப் படி. பெரிய கோயில் அடித்தளக் கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். கல்லில் இருந்தது அப்படியே தாளில். வினையும் தயாராக இருக்கிறது: படியெடு.

> வினையும் தயாராக இருக்கிறது: படியெடு.

அம்மா, ஏறுகிற படி, நெல் அளக்கிற படி, பயணப்படி எல்லாம் போதாதா? ‘திரைப்படம்’ வேறு பக்கத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் ஸ்கிரீன்ஷாட் என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமே.

> ‘திரைப்படம்’ வேறு பக்கத்திலேயே நிற்கிறது.

உருபு ஏறினால் விலகிவிடும்: திரைப்படியில், திரைப்படத்தில். மைப்படியை யாரும் நெல் அளக்கிற படியாகப் படிப்பதில்லை. பேச்சில் ஸ்கிரீன்ஷாட் இருந்துவிட்டுப் போகட்டும். கையேட்டில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதி, அப்புறம் திரைப்படி மட்டும் போடலாம்.

நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் ஓசையில்லை. ‘பிடிப்பு’ என்றால் பிடித்தவனுக்கே சொந்தம் என்ற தொனி. படி என்றால் மூலம் ஒன்று உண்டு, அதற்கு உடையவர் உண்டு. நம் படம் 4-ஐயே பாருங்கள்: கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் பிரியும் இடம். நிலப்படத் தரவு, பலர் கூடி இணையத்தில் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புடையது. ஓரத்தில் தெரியும் ஒளிப்படம் வேறொருவருடையது. சுற்றியுள்ள உலாவியின் (பிரௌசரின்) விளிம்பு மூன்றாமவருடையது. பொத்தானை அமுக்கியது மட்டும் நாம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுக்க இடம் தருகிறது. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப்பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது பற்றிய வழக்கில் அதை அகலமாகவே பொருள்கொண்டது. ஆனால் விலை போட்டுக் கடைக்கு அனுப்பும் கையேட்டுக்கு அந்தக் குடை போதாது. (மூன்றாம் பாடத்தில் ‘காப்புரிமை’ என்று வந்திருக்கிறது. அது பேடன்ட். இங்கே பதிப்புரிமைதான்.)

ஆகவே ஒவ்வொரு திரைப்படிக்கும் கீழே இரண்டு வரி. மேல்வரி படக்குறிப்பு: என்ன தெரிகிறது, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எடுத்த நாள். பதிப்பு மாறினால் பொத்தான் இடம் மாறும், மாணவர் தேடித் தேடி ஓய்ந்துபோவார். கீழ்வரி உரிமைக்குறிப்பு: ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள், ஓடிபிஎல் உரிமம்’ (ஓடிபிஎல் என்பது அந்தத் தரவுக்கான திறந்த உரிமம்). அச்சில் சொடுக்க முடியாது, எனவே இணைய முகவரியை முழுசாகப் போட வேண்டும். கூகுள் எர்த் என்றால் படத்தின் அடியில் வரும் பெயர்களை அழகுக்காக வெட்டக்கூடாது. அம்பும் வட்டமும் நாம் போட்டிருந்தால் ‘குறியீடுகள் சேர்க்கப்பட்டவை’ என்ற இரண்டு சொல்.

> முழுத்திரையையும் எடுத்துவிட்டு அப்புறம் வெட்டினால் போதுமா?

போதாது ஐயா. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 1920 பிக்சல் 6.4 அங்குலம்தான். அதில் கால்பங்கை மட்டும் வெட்டியெடுத்து ஏ4 அகலத்துக்கு இழுத்தால் எழுத்து கொழகொழத்துவிடும். முதலில் உலாவியில் 150% பெரிதாக்கி, விண்டோஸ்+ஷிப்ட்+எஸ் அமுக்கி, வேண்டிய இடத்தை மட்டும் எடுங்கள். தரம் குறையாத பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக்காகச் சுருங்கும், தமிழில் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. ஜெராக்ஸ் போட்டபின் ‘க்’ வெறும் ‘க’. டாக்குமென்டாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. சிவப்பு அம்பும் வேண்டாம், கறுப்பு வெள்ளையில் அது பின்னணியோடு கரைந்துவிடும். வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு எண் போடலாம்.

வேர்டில் கிராப் செய்தால் வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போய் வெட்டிய பகுதியை நீக்கச் சொல்ல வேண்டும். கைப்பேசி எண் போன்றவற்றை மங்கலாக்கி மறைப்பதும் நம்பத்தக்கதல்ல, முழுக் கறுப்புப் பெட்டி வைத்து மூடுங்கள்.

> சரி, திரைப்படியே இருக்கட்டும். உரிமைக்குறிப்பு எழுத்தளவு?

படக்குறிப்பு 10 புள்ளி என்றால் இது 8. அதற்குக் கீழே போனால் ஜெராக்ஸில் வராது. படம் 4-ஐ மட்டும் மறுபடி எடுத்துவிடுங்கள், வலது மூலையில் யாருடைய கைப்பேசி எண்ணோ தெரிகிறது.