ஊர்ப் பெரியவர்களுக்கு விழா எடுக்கிறோம்: யோசனை சொல்லுங்கள்

வடகரை இளைஞன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சின்னக் கிராமம். வேலைக்காகச் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட நாங்கள் சிலர் சேர்ந்து, அக்டோபர் 1 உலக முதியோர் தினத்தன்று ஊர்ப் பெரியவர்களுக்கு விழா எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அறுபதைத் தாண்டியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். பந்தல், மேடை, ஆளுக்கொரு பொன்னாடை, மதியச் சாப்பாடு, தலைமை தாங்க ஒரு பிரமுகர். இதுதான் இப்போதைய திட்டம்.

என் அப்பாயிடம் போனில் சொன்னேன். "அங்க வந்து நான் என்னடா செய்யணும்?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. இப்படி விழா நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், என்ன வைக்கலாம், எதை விடலாம்?

பட்டுக்கோட்டைக்காரர்:
தம்பி, உங்கள் அப்பாயி கேட்டதுதான் சரியான கேள்வி. எங்கள் ஊரில் சில வருடங்களாக நடத்துகிறோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தேதி. அக்டோபர் 1 ஐ.நா. 1990இல் அறிவித்த நாள். நல்ல நாள்தான், ஆனால் நம் டெல்டாவுக்குத் தோதான நாள் இல்லை. சம்பா வேலை ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களிலேயே பாதிப் பேர் வயலில் இருப்பார்கள், அழைத்து வரவேண்டிய மகனும் மருமகளும் அங்கேதான் இருப்பார்கள். சாயங்காலமானால் இடிமழை வேறு. நாங்கள் காணும் பொங்கலுக்கு மாற்றினோம். பெரியவர்களைப் போய்ப் பார்த்து, காலில் விழுந்து ஆசி வாங்குவதற்கென்றே இருக்கிற நாள் அது. வெளியூரில் இருக்கிற பேரன் பேத்தி எல்லாரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். பிள்ளைகள் இல்லாத பந்தலில் கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால், மீட்டிங் என்று நினைத்துச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்தது மேடை. தயவுசெய்து வேண்டாம். பிரமுகர் வரும்வரை வெயிலில் காத்திருந்து, அவர் பேசும்வரை காத்திருந்து, ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போவதற்குள் சர்க்கரை நோயாளிக்கு மயக்கம் வந்துவிடும். பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி வாடகைக்கு எடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து முழங்கால் வலிக்காரர்களால் எழ முடியாது.

அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்றால், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். நாங்கள் பாரம்பரிய நெல் வைத்திருப்பவர்களிடம் வாங்கிவந்து பெயர் எழுதாமல் வரிசையாக முறத்தில் பரப்பி வைத்தோம். உங்கள் ஊருக்கு இது ரொம்பச் சுலபம், பழைய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய பகுதியாயிற்றே. எங்கள் தெருவில் ஒரு கிழவி, கண் சரியாகத் தெரியாது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தது, ஒரு நெல்லைப் பல்லில் கடித்தது. "குழியடிச்சான். உப்புத் தண்ணி ஏறுன வயலுக்கு இதுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த முறத்துக்குக் கை நீட்டியது. விவசாயப் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று போனில் பதிவு பண்ணினார்கள். அந்தக் கிழவி அதற்கு முன்னால் எந்த விழாவுக்கும் வாசல் தாண்டி வந்ததில்லை.

ஊரிலேயே மூத்தவர் யார் என்று பார்க்க ஆதார் அட்டையை நம்பாதீர்கள். பாதிப் பேருக்குத் தோராயமாகப் போட்ட தேதிதான். 1955 புயலின்போது எவ்வளவு பெரிய பிள்ளை என்று கேளுங்கள். "தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்" என்று ஒருவர் சொன்னால், "அப்ப நான் வயித்துல" என்று இன்னொருவர் சொல்வார். வயதும் தெரிந்துவிடும், ஊர் வரலாறும் வந்துவிடும். இதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். 55ஐ நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

செவிலியர் அக்கா:
பட்டுக்கோட்டை அண்ணன் சொன்னதோடு ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். பந்தலுக்கு வருகிறவர்கள் நடக்க முடிந்தவர்கள். படுக்கையில் கிடப்பவர்கள்? உங்கள் ஊருக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" பணியாளர் வருவார். 2021லிருந்து பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். யார் எழுந்து நடப்பார், யார் நடக்கமாட்டார், யார் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விழாவுக்கு முன் அவரோடு ஒரு நாள் வீடு வீடாகப் போங்கள். சாப்பாட்டை முதலில் அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள், பந்தி மிச்சத்தை அல்ல.

கழிப்பறை பந்தலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், உட்காரும் வகை ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் பாட்டிகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வெளியில் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. குத்துவிளக்கு ஏற்றச் சுமங்கலிகளை மட்டும் கூப்பிடாதீர்கள். அந்த வயதில் பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். அவர்களுக்கான விழாவிலேயே அவர்கள் ஒதுங்கி நிற்கிற மாதிரி ஆகிவிடும். ஊரின் மூத்த அம்மாவையே ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் முதல் நாளே வீட்டுக்குப் போய்க் கேட்டு, மனசைத் தயார் செய்துவிட்டு வாருங்கள். திடீரென்று மைக்கில் பேர் சொன்னால் கூசிப்போவார்கள்.

ஒசாகா தமிழன்:
தேதி பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஜப்பானில் முதியோருக்கு "கெய்ரோ நோ ஹி" என்று அரசு விடுமுறையே உண்டு, செப்டம்பர் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை. அரசு தொடங்கியதல்ல. 1947இல் ஹியோகோ மாகாணத்தில் நோமதானி என்ற கிராமம் தொடங்கியது. வயல் வேலை குறைந்து, வெயிலும் தணிந்திருக்கும் நாள் என்றுதான் செப்டம்பர் 15ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1966இல் நாடு முழுக்க விடுமுறையானது, 2003இல் திங்கட்கிழமைக்கு மாறியது. உங்கள் ஊர் வயலைப் பார்த்து நாள் குறிப்பதுதான் சரி.

வடகரை இளைஞன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. குழுவில் பேசினோம், காணும் பொங்கல் என்று முடிவாகிவிட்டது. நெல் விஷயத்தை அப்பாயிடம் சொன்னதும், "பூங்கார் இருக்குமா? காட்டுயானம் இருக்குமா?" என்று அதுவே கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் காலனி தெரு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோயில் திடலில் பந்தல் போட்டால் அவர்கள் வருவார்களா?

பட்டுக்கோட்டைக்காரர்:
வரமாட்டார்கள் தம்பி. கூப்பிட்டால் சரி என்பார்கள், அன்றைக்கு வரமாட்டார்கள். எத்தனையோ வருடம் அந்தத் திடல் அவர்களுக்கு இல்லை என்று இருந்ததை அந்த வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் போடுங்கள். நடவுப் பாட்டும் நெல் ரகமும் உங்கள் ஊரில் யாருக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தெருப் பெண்களுக்குத்தான். ஏற்பாட்டுக் குழுவில் அங்கிருந்து இரண்டு பேரை இப்போதே சேருங்கள், அழைக்கிற பட்டியலில் மட்டும் சேர்த்தால் போதாது. அழைத்துவரக் குட்டி யானை லோடு வண்டி வேண்டாம், ஏறி இறங்க முடியாது. ஷேர் ஆட்டோ பேசுங்கள், முதல் நடை அந்தத் தெருவுக்குப் போகட்டும்.

அக்டோபர் 1ஐயும் சும்மா விடவேண்டாம். மறுநாள் காந்தி ஜெயந்தி கிராம சபை. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது, தகுதி இருந்தும் வாங்காதவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள், மறுநாள் சபைக்குக் கூட்டிப்போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.